ஊசி போடுபவரின் தயக்கம்

2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவத் துறையினருக்கு ஒதுக்கப்பட்டது. மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் 166 மையங்கள் திறக்கப்பட்டன. மையத்துக்கு 100 பேர் என்று கணக்கிட்டால் அன்று மாலைக்குள் 16,600 பேர் ஊசி போட்டிருக்க வேண்டும். போட்டுக்கொண்டவர்கள் மூவாயிரத்தை ஒட்டியே இருந்தார்கள். கோவின் இணையதளம் திணறியதும் ஒரு காரணம்தான். ஆனால் மருந்து காத்திருந்தது, குளிர்பெட்டி காத்திருந்தது, கண்காணிப்பு அறையில் நாற்காலிகளும் காத்திருந்தன. வரவேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. அந்த வாரத்தின் இறுதியில், அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர், தாமே ஒரு மருத்துவர் என்ற முறையில், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் கோவாக்சின் போட்டுக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்துத் தைரியம் சொல்ல வேண்டியவர்களுக்கே தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

இதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. கோவாக்சினுக்கு அவசரகால அனுமதி கிடைத்தது 2021 ஜனவரி 3 அன்று. அப்போது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் குறித்த எண்கள் எதுவும் வெளியாகவில்லை. 81 சதவீதம் என்ற இடைக்கால முடிவு மார்ச் 3 அன்றுதான் வந்தது. அனுமதியே ‘மருத்துவப் பரிசோதனை முறையில்’ என்ற நிபந்தனையோடுதான் தரப்பட்டது. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், தங்களுக்குக் கோவாக்சினுக்குப் பதில் கோவிஷீல்டு தருமாறு முதல் நாளிலேயே கடிதம் எழுதினார்கள். இன்னொரு பக்கம், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் முதல் கட்டத்தில் விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். பாலூட்டும் தாய்மாருக்கு மே மாதத்திலும் கருவுற்றவர்களுக்கு ஜூலை 2 அன்றும்தான் அனுமதி வந்தது. நம் மருத்துவமனைகளில் செவிலியர்களில் பெரும்பாலோர் குழந்தை பெறும் வயதுப் பெண்கள். ‘கர்ப்பிணிக்கு வேண்டாம் என்கிறார்கள், அடுத்த மாதமே கரு தரித்தால் என்ன செய்வது?’ என்று அவர்களில் ஒருவர் கேட்டால் அது மூடநம்பிக்கையில் பிறந்த கேள்வி ஆகாது. மருத்துவம் படித்ததால் வந்த கேள்வி அது.

இந்தத் தயக்கம் பொதுமக்களின் தயக்கத்தைவிட ஏன் முக்கியம் என்பதை ஒரு கிராமத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் சீயமங்கலம் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எழுப்பிய கோயிலால் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் சுகாதாரத் துறை என்பது ஒரு கட்டடமோ ஓர் அரசாணையோ அல்ல. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற விதிப்படி வந்துபோகும் கிராம சுகாதார செவிலியர்தான் அங்கே சுகாதாரத் துறை. கர்ப்பம் பதிவு செய்வதும் அவர், பிள்ளைக்கு ஊசி நாள் சொல்வதும் அவர். ஒரு தாய் அவரிடம் கேட்கிற முதல் கேள்வி தடுப்பூசியின் திறன் எத்தனை சதவீதம் என்பதாக இருக்காது. ‘நீங்க போட்டுக்கிட்டீங்களா நர்ஸம்மா?’ என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு நொடி தாமதித்து வரும் பதில் போதும், தெரு முழுக்கத் தயக்கம் பரவிவிடும். ஆகவே ஆணை போட்டு அந்தச் செவிலியரின் கையில் ஊசி ஏற்றிவிடுவதால் பிரச்சினையின் பாதி மட்டுமே தீர்கிறது. அவர் சந்தேகம் தீராமல் போட்டுக்கொண்டால், அந்தச் சந்தேகத்தையே வீடு வீடாகக் கொண்டுபோவார்.

அப்படியானால் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? துறைக்குத் தெரிந்த வழி விளக்குவது. கூட்டம் கூட்டி, படம் போட்டுக் காட்டி, வதந்தி இது, உண்மை இது என்று இரண்டு பத்தியாகப் பிரித்துச் சொல்வது. இதன் எல்லையைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதய ரத்தக் குழாய் அடைப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் பின்னர் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. சொன்னது உண்மை, சொன்னவர்கள் நிபுணர்கள், சொன்ன நேரமும் சரி. இருந்தும் அச்சம் அடங்க வெகு நாள் பிடித்தது. அமெரிக்காவில் பிரெண்டன் நைஹனும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை என்ற விளக்கத்தைப் பெற்றோரிடம் கொடுத்தபோது தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் தடுப்பூசிமீது ஏற்கெனவே கசப்பில் இருந்தவர்களிடம் ‘போடுவேன்’ என்ற எண்ணம் கூடவில்லை, குறைந்தே போனது. விளக்கம் இப்படி எதிர்விளைவு தருவது எங்கும் எப்போதும் நடப்பதல்ல என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே விளக்கம் தீங்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு பொய்யை விட்டுவிடுவதும் ஒரு முடிவை எடுப்பதும் வேறு வேறு காரியங்கள், முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது.

இந்த இடைவெளியைப் பற்றி அதிகம் யோசித்தவர்கள் தடுப்பூசித் துறையில் இல்லை, குடிநோய் சிகிச்சையில் இருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஒரு சிகிச்சை மையத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரை நோயாளியிடம் பேசிக் காட்டச் சொன்னார்கள். இடையிடையே நிறுத்தி, ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், ஏன் அந்தப் பதிலை விட்டுவிட்டு இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று துருவினார்கள். தாம் பழக்கத்தால் செய்துவந்ததை அவர்களுக்காக விதிகளாக்க நேர்ந்தது. அது 1983இல் ஒரு கட்டுரையாகவும், ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991இல் ஒரு நூலாகவும் வந்தது. மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று உலகம் அறிந்த அந்த முறையை இங்கே மனவூக்க உரையாடல் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிப்படை இதுதான்: தயங்குபவர் மனத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாம் ஒரு பக்கத்துக்காக வாதாடினால், மறுபக்கத்துக்காக வாதாடும் வேலை அவர் தலையில் விழுகிறது. வாதாட வாதாட, தம் வாயால் சொன்னதை அவரே நம்பத் தொடங்குகிறார். மில்லரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவுக்கு முகத்துக்கு நேராக எதிர்த்துப் பேசினாரோ அவ்வளவுக்கு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். திருத்த வேண்டும் என்ற நல்லெண்ணமே திருந்தவிடாமல் தடுத்துவிடுகிறது.

முறை எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது இது வெறும் இதமான பேச்சு போலத் தோன்றும். உண்மையில் கடினமான ஒழுக்கம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரும் ஒரு செவிலியரும் பேசுவதாக வைத்துக்கொள்வோம். “சிஸ்டர், இந்த ஊசியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அலுவலர் தொடங்குகிறார். ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டிருந்தால் வந்திருப்பது காரணமாக இருக்காது, சாக்காக இருந்திருக்கும். “பயமா இருக்குது மேடம். அடுத்த குழந்தைக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம். ஆனா வீட்டுல மாமியாருக்குச் சர்க்கரை, வார்டுலேர்ந்து நான்தான் எதையாவது கொண்டு போயிடுவேனோன்னும் இருக்குது.” இந்தப் பதிலில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று சமாதானம் சொல்லவே யாருக்கும் வாய் வரும். பயிற்சி பெற்றவர் அதைச் செய்யமாட்டார். “பிறக்கப்போற பிள்ளைக்கும் எதுவும் ஆகக் கூடாது, மாமியாருக்கும் உங்களால எதுவும் வந்துடக் கூடாது. ரெண்டையும் நீங்கதான் யோசிக்க வேண்டியிருக்குது” என்று அவர் சொன்னதையே இன்னும் தெளிவாக அவரிடம் திருப்பித் தருவார். அதன்பின் அந்த இரண்டாம் பாதியைப் பற்றிக் கேட்பார். மாமியார் எப்படி இருக்கிறார், போன அலையில் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று பேச்சு போகும். போட்டுக்கொள்வதற்கான காரணங்களை இப்போது செவிலியரே எடுத்துச் சொல்லத் தொடங்கியிருப்பார்.

தகவல் இங்கேதான் நுழைகிறது, அதுவும் கதவைத் தட்டி. “இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு விஷயம் சொல்லட்டுங்களா?” சம்மதம் கிடைத்த பிறகு சொல்வதைச் சுருக்கமாக, மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதியரைத் தொடர்ந்து கவனித்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டதால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆணுக்குக் கொரோனா வந்திருந்தால் சிறிது காலம் குறையலாம் என்று தெரிந்தது. 2022 தொடக்கத்தில் வெளியான முடிவு இது. 2021இல் பேசியிருந்தால் ‘இதற்கு இன்னும் முழு விடை வரவில்லை’ என்றே நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவும் முடியும். கோவிஷீல்டால் ரத்த உறைவு வருமாமே என்று கேட்டால், அரிதாக வரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்று இந்தியாவின் தேசியக் குழு 2021 மே மாதம் சொன்ன எண்ணையும் சொல்லலாம். சொல்லி முடித்ததும் “இதைக் கேட்டப்ப உங்களுக்கு என்ன தோணுது?” என்று பந்தை அவரிடமே விட வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. பத்துக்கு எவ்வளவு தயார் என்று கேட்பார்கள். நான்கு என்று பதில் வந்தால், ஏன் எட்டு இல்லை என்று கேட்கமாட்டார்கள், ஏன் ஒன்று இல்லை என்று கேட்பார்கள். முதல் கேள்விக்குத் தயக்கத்தின் காரணங்கள் பதிலாக வரும், இரண்டாவதற்கு விருப்பத்தின் காரணங்கள் வரும்.

இது பலிக்கிறதா? தடுப்பூசியில் இதைப் பெரிய அளவில் சோதித்தவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஷெர்ப்ரூக் நகர மருத்துவர் ஆர்னோ காக்னேர். 2010–11இல் பிரசவ வார்டிலேயே, குழந்தை பிறந்த ஓரிரு நாளுக்குள், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தாயிடம் இருபது நிமிட அளவில் பேசினார்கள். ஏழாவது மாதத்தில் அந்தக் குழந்தைகளிடையே தடுப்பூசி போட்டவர் விகிதம் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. பலனைக் கண்ட மாகாண அரசு அதை மற்றப் பிரசவ மருத்துவமனைகளுக்கும் விரித்தது. ஏழு புள்ளி என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஏற்கெனவே பெரும்பாலோர் போட்டுக்கொள்ளும் சமூகத்தில், மிச்சமிருப்பவர்களிடையே ஏழு புள்ளி நகர்வது சிறியதல்ல. அதோடு பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பேசப் பழகிய ஆலோசகர்கள் என்பதும் நம்மைப் போல மருத்துவருக்குப் பஞ்சமுள்ள இடத்தில் கவனிக்கத்தக்கது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த முறைக்கான வலுவான சான்று பெற்றோரிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வருகிறது; மருத்துவப் பணியாளர்களிடம் செய்தவை குறைவு, சிறியவை. பெற்றோருக்குப் பலித்தது செவிலியருக்கும் பலிக்கும் என்பது ஓர் ஊகம். ஆனால் காரணமுள்ள ஊகம் என்றே கருதுகிறேன். தயக்கத்தின் அமைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கூடவே, படித்தவரிடம் வாதாடினால் அவரிடம் எதிர்வாதத்துக்கான சரக்கும் அதிகம் இருக்கும்.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் வலுவானது, கட்டாயமாக்கினால் வேலை சீக்கிரம் முடியுமே என்பது. உண்மைதான், முடியும். அமெரிக்காவின் ஹூஸ்டன் மெத்தடிஸ்ட் மருத்துவமனைக் குழுமம் 2021இல் கட்டாயமாக்கியபோது சுமார் 26,000 ஊழியரில் 153 பேர்தான் விலகினார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005 முதல் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி 97 சதவீதத்தைத் தாண்டியது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நிறுவனத்துக்கு அந்த உரிமை அறவே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் கட்டாயம் ஆள்பலம் மிகுந்த இடத்தில்தான் நிற்கும். கியூபெக் அரசே மருத்துவப் பணியாளருக்குக் கட்டாயம் என்று அறிவித்துவிட்டு, ஆயிரக்கணக்கானோரை இடைநீக்கம் செய்தால் மருத்துவமனை நடக்காது என்று 2021 நவம்பர் 3 அன்று கைவிட்டது. ஒரு துணை நிலையத்துக்கு ஒரே செவிலியர் உள்ள நம் ஊரில் யாரை இடைநீக்கம் செய்வது? சட்டமும் துணை நிற்கவில்லை. கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அதைவிட முக்கியமானது, முன்பே சொன்னதுதான்: ஹூஸ்டன் மருத்துவமனைக்கு ஊழியரின் கை போதும், சீயமங்கலம் போன்ற ஊருக்கு அவருடைய வாக்கும் வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு, இது நாசூக்காகச் செய்யும் சூழ்ச்சி என்பது. ஊசி போட வைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அவரே முடிவெடுத்தது போலக் காட்டுவதுதானே இது? இந்தக் கேள்வியை லேசாக ஒதுக்க முடியாது. நம் அலுவலகங்களில் மேலதிகாரி ‘மனம் விட்டுச் சொல்லுங்கள்’ என்றால், சொன்னதற்குப் பின்விளைவு உண்டா என்பதையே கீழே இருப்பவர் முதலில் கணக்குப் போடுவார். இலக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலர் இந்த உரையாடலை நடத்தினால் அது நாடகமாகத்தான் முடியும். எனவே பேசுபவர் சம்பந்தப்பட்டவரின் பணிக் குறிப்பில் எழுதும் அதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது. அந்த உரையாடல் பதிவேட்டில் ஏறக் கூடாது. ‘வேண்டாம்’ என்ற பதிலோடு எழுந்துபோனாலும் அவரிடம் முகம் மாறக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

நேரம் எங்கே என்பார்கள். கூட்டத்தில் இருநூறு பேருக்கு ஒரு மணி நேரம் பேசுவதும் நேரம்தான். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களும் போடத் தயாராக இருப்பவர்களும் அந்த இருநூறில் பெரும்பான்மை. அவர்களுக்கு உரையாடல் தேவையில்லை. மிச்சமிருக்கும் சிலருக்குத்தான் இருபது நிமிடம்.

பேச்சால் தீராதவையும் உண்டு, அவற்றைப் பேச்சால் மூடக் கூடாது. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், ஊசி போட்டால் மறுநாள் காய்ச்சல் வரும், ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கினால், அவருக்கு வேண்டியது சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு. மனவூக்க உரையாடலை அங்கே கொண்டுபோவது அவரை அவமதிப்பது. அதேபோல் பணியாளரின் அச்சத்தில் நிறுவனத்தின் நினைவும் கலந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்குப் போய் ஊசி போடும் முறையை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. அந்தக் காலத்தில் வேலையில் இருந்த கிராம சுகாதார செவிலியர் யாரும் அதை மறந்திருக்கமாட்டார். ஏதாவது நடந்தால் முதலில் விரல் நீள்வது ஊசி போட்ட கையை நோக்கி என்பது அவர்களுக்குத் தெரியும். ‘பயப்படாதீர்கள்’ என்பதற்குப் பதில் ‘ஏதாவது நடந்தால் துறை உங்களை எப்படிப் பார்த்துக்கொள்ளும்’ என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிந்த நாளில்தான் உரையாடலுக்கும் மதிப்பு வரும்.

காலம் தாழ்த்தியதன் விலையும் நம் பக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 10,600 ஊழியரில் 8,991 பேர் 2021 ஏப்ரல் முடிவதற்குள் ஊசி போட்டிருந்தார்கள், பெரும்பாலோர் கோவிஷீல்டு. இரண்டாம் அலை ஓய்ந்ததும் எண்ணிப் பார்த்தபோது, இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்று 65 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதமும் குறைந்திருந்தன. அங்கே இறந்த ஒரே ஊழியர் வேறு நோய்கள் உள்ளவர், ஊசி போடாதவர். தமிழ்நாடு காவல் துறையின் 1,17,524 பேரைப் பற்றித் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் செய்த கணக்கில், இரண்டு தவணை மரணத்தை 95 சதவீதம் தடுத்திருந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஒரு மாதத்தில் இறந்த 31 பேரில் 20 பேர் ஒரு தவணைகூடப் போடாதவர்கள். ஜனவரியில் வராதவர்கள் பலர் மே மாதத்தில் வரிசையில் நின்றார்கள். அவர்களை மாற்றியது விளக்கப் படமல்ல, பக்கத்துப் படுக்கையில் பார்த்தது. அந்த நான்கு மாதங்களில் அவர்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்டிருக்கவில்லை.

அடுத்த தடுப்பூசி வாசலில் நிற்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இந்தியாவில் இந்த ஊசிக்குப் பழைய கசப்பு ஒன்று உண்டு. அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் நடந்த செயல்விளக்கத் திட்டம், சிறுமிகள் சிலரின் மரணங்களை அடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை கண்டாலும், ஒப்புதல் பெற்ற விதத்தில் குறைகள் இருந்தன. செஞ்சியிலும் தேசூரிலும் இந்த ஊசியைக் கொண்டுபோகப்போகும் செவிலியர் பலருக்கு அதே வயதில் மகள் இருப்பாள். தாய்மார்கள் இந்த முறை ‘உங்க பொண்ணுக்குப் போட்டீங்களா?’ என்று கேட்பார்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதந்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் இலக்குப் பட்டியலை வாசிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, செவிலியர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் தயக்கத்தை ஒருவர் கேட்கப் பழகட்டும். புதுப் பணியிடமோ புதுக் கட்டடமோ இதற்கு வேண்டாம். மருந்து வந்து இறங்குவதற்கு முன்னாலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.